ப்ளைவுட்டை நேராக அறுக்க ஒரு சட்டம்

சென்னைப் புறநகரான பீர்க்கன்கரணை வீடுகளில் சமையலறை அலமாரியைத் தாமே செய்து பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. சிக்கல், எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட்டை வட்ட ரம்பக் கை மெஷினால் அறுக்கும்போதுதான். எட்டடி நீளத்தில் 2 மி.மீ. விலகினாலே கதவு இடிக்கும்.

நேராக அறுக்க ஒரு சட்டம் போதும், அதைக் கடையில் வாங்க வேண்டாம். ஓர் அடி அகலத்தில் 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்று. அதன்மேல் நாலு அங்குல அகலத்தில் 12 மி.மீ. துண்டு ஒன்றை மரப்பசையும் ஸ்குரூவும் போட்டுப் பொருத்துங்கள். மேல்துண்டில் ஃபேக்டரியில் வெட்டி வந்த விளிம்பு மெஷின் ஓடும் பக்கம் இருக்கட்டும். நாம் கையால் அறுத்த விளிம்பை நம்ப முடியாது. மெஷினின் அடித்தட்டை ஃபேக்டரி விளிம்போடு ஒட்டி ஒருமுறை ஓட்டினால், கீழ்த்துண்டில் மீந்து நிற்பது அறுந்து விழும். மிஞ்சிய ஓரம்தான் பிளேடு போகும் சரியான பாதை!

இனி அளவுக் கணக்கே இல்லை. பென்சில் கோட்டில் அந்த ஓரத்தை வைத்து, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு அறுக்கலாம். சட்டம் நமக்கு வேண்டிய பலகைமேல் உட்கார வேண்டும். பிளேடின் தடிமன் கழிவில் போய்விடும். ஓரம் மேல்தாளை அழுத்திப் பிடிப்பதால் சிலும்பும் குறையும். ஆனாலும் நல்ல முகத்தைக் கீழே வையுங்கள், பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுகின்றன. வேறு பிளேடு மாற்றினால் ஓரம் பொருந்தாது, புதிதாகச் செய்துகொள்ளுங்கள். தூசுக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.