காதுல ஒண்ணு, மண்டபத்துல ஒண்ணு: லேப்டாப் டிஜேவுக்கு ஹெட்ஃபோன் செட்டப்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வயர், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் காது. எனக்கு வர்ற மெசேஜ்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, லேப்டாப்ல டிஜே சாஃப்ட்வேர் போட்டாச்சு. ஆனா அடுத்த பாட்டை ஹெட்ஃபோன்ல கேக்கலாம்னு பார்த்தா அது ஸ்பீக்கர்லயும் சேர்ந்து வருது. என்ன பண்றது?"

முதல்ல, இந்த ஹெட்ஃபோன் எதுக்குன்னு பார்ப்போம். நம்மள்ல பாதிப் பேர் ஐடி, அதனால இப்படிச் சொல்றேன். மண்டபத்துல ஓடுற பாட்டு புரொடக்‌ஷன். உங்க ஹெட்ஃபோன்ல ஓடுற பாட்டு ஸ்டேஜிங். ஸ்டேஜிங்ல டெஸ்ட் பண்ணாம எதையும் நேரா புரொடக்‌ஷனுக்குத் தள்ள மாட்டோம் இல்லையா, அதே கதைதான். டிஜே பாஷையில ஸ்பீக்கருக்குப் போறது 'மாஸ்டர்', ஹெட்ஃபோனுக்கு வர்றது 'க்யூ'.

இது லேப்டாப் காலத்துப் பிரச்சினை மட்டும் இல்ல. 1970கள்ல நியூயார்க்கோட பிராங்க்ஸ் ஏரியாவுல கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்னு ஒரு பையன். ஸ்கூல்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர். ரெண்டு டர்ன்டேபிள் இருக்கு, ஆனா அடுத்த ரெக்கார்டு எங்க நிக்குதுன்னு கூட்டத்துக்குத் தெரியாம கேக்க வழி இல்ல. தன் மிக்சர்ல தானே ஒரு ஸ்விட்ச் வச்சு, அதை ஹெட்ஃபோனுக்கு வயர் இழுத்தார். அதுக்கு 'பீக்-அ-பூ சிஸ்டம்'னு பேரும் வச்சார். இன்னைக்கு நிறைய டிஜே கன்ட்ரோலர்கள்ல ஹெட்ஃபோன் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கே, அது செய்றதும் இதே வேலைதான்.

சரி, உங்க லேப்டாப்புக்கு வருவோம். லேப்டாப்ல ஹெட்ஃபோன் ஓட்டை ஒண்ணுதான். அதுல வெளிய வர்றது ரெண்டே சேனல், இடது, வலது. மாஸ்டர் ஸ்டீரியோவுக்கு ரெண்டு, க்யூ ஸ்டீரியோவுக்கு ரெண்டு, ஆக மொத்தம் நாலு வேணும். இருக்கறது ரெண்டு. அதனாலதான் ரெண்டு பாட்டும் ஒரே வழியில வெளிய வருது. சாஃப்ட்வேர்ல எவ்ளோ தேடினாலும் இல்லாத வாசலைத் திறக்க முடியாது. அந்த ரெண்டாவது வாசலுக்கு மூணு வழி இருக்கு.

முதல் வழி, ரொம்ப மலிவு, ஸ்ப்ளிட்டர் கேபிள். ஸ்டீரியோவை ரெண்டு மோனோவாப் பிரிச்சு, ஒரு பக்கம் மண்டபத்துக்கு, இன்னொரு பக்கம் காதுக்கு. இங்க ஒரு எச்சரிக்கை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் சும்மா 'ஸ்ப்ளிட்டர்'னு கேட்டா, ரெண்டு பேர் ஒரே பாட்டைப் பகிர்ந்து கேக்கிற கேபிளைக் கையில கொடுத்துடுவாங்க. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். "இடது ஒரு பின்னுலயும் வலது ஒரு பின்னுலயும் தனித்தனியா வரணும்ணே"ன்னு தெளிவாச் சொல்லுங்க. டெஸ்ட் பண்றதும் ஈசி. சவுண்ட் செட்டிங்ஸ்ல பேலன்ஸை முழுசா இடது பக்கம் தள்ளுங்க. ஒரு பின்னுல மட்டும் சத்தம் வந்தா சரியான கேபிள். இந்த வழியில மண்டபத்துக்கு மோனோதான் போகும். வீட்டு மொட்டை மாடி பார்ட்டிக்கு அது தாராளமாப் போதும்.

ரெண்டாவது வழி, நாலு அவுட்புட் இருக்கிற யூஎஸ்பி சவுண்ட் கார்டு. மூணாவது, டிஜே கன்ட்ரோலர். நிறைய கன்ட்ரோலர்களுக்கு உள்ளேயே அந்தச் சவுண்ட் கார்டு இருக்கு. முன்னாடி ஹெட்ஃபோன் ஓட்டை, பின்னாடி மாஸ்டர். மாசத்துல ஒரு ஃபங்ஷனாவது வாசிக்கிறீங்கன்னா நேரா இதுக்கே போயிடுங்கன்னுதான் சொல்வேன். வாங்கறதுக்கு முன்னாடி 'பில்ட்-இன் சவுண்ட் கார்டு இருக்கா'ன்னு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. சில குட்டி மாடல்ல வெறும் பட்டன்தான் இருக்கும்.

"லேப்டாப் ஓட்டை ஒண்ணு, தனியா ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிள் ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துக்கலாமா?"ன்னு கேப்பீங்க. சேர்க்கலாம். ஆனா ரெண்டு கார்டுக்கும் தனித்தனி கடிகாரம். ரெண்டும் 44,100 ஹெர்ட்ஸ்னு சொன்னாலும் துல்லியமா ஒரே வேகத்துல ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம்னு வச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துல 180 மில்லி செகண்ட் விலகிடும். மேக்ல 'அக்ரிகேட் டிவைஸ்'னு உருவாக்கும்போது 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' டிக் பண்ணச் சொல்றது இதுக்காகத்தான்.

இப்ப சாஃப்ட்வேர். மிக்ஸ்னு ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, இங்கிலீஷ்ல மூணு எக்ஸ் போட்டு எழுதுவாங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அதுல சவுண்ட் ஹார்டுவேர் பக்கத்துக்குப் போய், மெயின் அவுட்புட்டுக்கு சேனல் 1-2, ஹெட்ஃபோனுக்கு சேனல் 3-4. ஸ்ப்ளிட்டர் கேபிள்னா ஒண்ணுக்கு சேனல் 1, இன்னொண்ணுக்கு சேனல் 2. அவ்ளோதான். மத்த சாஃப்ட்வேர்ல மெனு பேர் மாறும், விஷயம் இதேதான்.

ஒரு முக்கியமான செட்டிங். லேப்டாப்போட டிஃபால்ட் சவுண்ட் டிவைஸா கன்ட்ரோலரை வைக்காதீங்க, லேப்டாப் ஸ்பீக்கரையே வைங்க. இல்லைன்னா மணமக்கள் என்ட்ரி நேரத்துல உங்க ஆபீஸ் சாட் 'டிங்'குன்னு மண்டபம் முழுக்கக் கேக்கும்.

அடுத்து, லேட்டன்சி. 120 பிபிஎம் பாட்டுல ஒரு பீட் 500 மில்லி செகண்ட். வயர் இல்லாத ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல சாதாரணமா 100லேர்ந்து 250 மில்லி செகண்ட் தாமதம் வரும். பாதி பீட் காலி! ரெண்டு பாட்டையும் ஹெட்ஃபோன்லயே கலந்து கேட்டாலும், உங்க கை அசைவுக்குப் பதில் லேட்டாத்தான் வரும். அதனால டிஜேவுக்கு வயர் ஹெட்ஃபோன்தான். சாஃப்ட்வேர்ல பஃபர் 512 சாம்பிள் வச்சா சுமார் 12 மில்லி செகண்ட், அது ஓகே. சத்தம் கரகரன்னு உடைஞ்சா 1024க்கு ஏத்துங்க.

மண்டபமே ஒரு லேட்டன்சிதான், தெரியுமா? சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கர் உங்க டேபிள்லேர்ந்து 15 மீட்டர் தள்ளி இருந்தா, உங்க காதுக்கு வர 44 மில்லி செகண்ட் ஆகும். அந்த லேட்டான சத்தத்தோட ஹெட்ஃபோன் பாட்டை நீங்க பொருத்தினா, வெளிய விடும்போது ரெண்டு கிக்கும் சேராம 'தட-தட'ன்னு குதிரை ஓடும். இதுக்குத்தான் க்யூ மிக்ஸ் நாப். மாஸ்டரையும் கொஞ்சம் ஹெட்ஃபோனுக்குள்ள கொண்டு வந்து, ரெண்டையும் அங்கேயே பொருத்துங்க. 'ஸ்ப்ளிட்' பட்டன் இருந்தா ஒரு காதுல க்யூ, ஒரு காதுல மாஸ்டர். ஆரம்பிக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும்.

"சின்க் பட்டன் இருக்கே, எதுக்கு இவ்ளோ?"ன்னு ஒரு கேள்வி வரும். கம்ப்யூட்டர்ல செஞ்ச இன்னைய பாட்டுக்கு சின்க் நல்லா வேலை செய்யும். ஆனா நம்ம ரிசப்ஷன்ல 80கள் பாட்டு இல்லாம எப்படி? வாத்தியக் குழு உட்கார்ந்து நேரடியா வாசிச்ச பாட்டுல வேகம் மூச்சு மாதிரி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். சாஃப்ட்வேர் போடற பீட் கிரிட் பல்லவியில சரியா இருக்கும், சரணத்துல நழுவிடும். திரையில எல்லாம் பச்சையாத்தான் தெரியும். நழுவுறது காதுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியா, அந்தக் காதைப் பத்தி. அமெரிக்காவுல வேலையிட சுகாதாரத்தைப் பார்க்கிற நியோஷ் அமைப்போட வரம்பு, 85 டெசிபல்ல 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டா 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். ஸ்பீக்கர் சத்தத்தை மீறிக் கேக்கணும்னு ஹெட்ஃபோனை ஏத்துவோம், அரை மணி நேரத்துல காது மந்தமாகும், மறுபடி ஏத்துவோம். இதுல போன கேக்கிற சக்தி திரும்பி வராது. அதனால காதை முழுசா மூடற க்ளோஸ்ட்-பேக் ஹெட்ஃபோன் வாங்குங்க, வெளிச்சத்தம் குறைஞ்சா வால்யூம் குறைவாவே போதும். மிக்ஸ் பண்ற நேரம் மட்டும் காதுல வைங்க, மீதி நேரம் கழுத்துல. சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட பேசி ஸ்பீக்கரை உங்க பக்கம் திருப்பாம வைக்கச் சொல்லுங்க. ஃபங்ஷன் முடிஞ்சு காதுல 'ஙொய்'னு கேட்டா, அன்னைக்கு அளவு தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அது அடிக்கடி வந்தா ஈஎன்டி டாக்டரைப் பாருங்க.

இந்த வாரத்துக்கு ஒரு ஹோம்வொர்க். 80கள் பாட்டு ஒண்ணு, போன வருஷப் பாட்டு ஒண்ணு எடுத்துக்கோங்க. சின்க்கை ஆஃப் பண்ணுங்க. திரையைப் பார்க்காம, க்யூவுல கேட்டே 1 நிமிஷம் ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்க. எத்தனாவது பீட்ல நழுவுதுன்னு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பேசுவோம். அதுவரைக்கும் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வைங்க மக்களே!