தொடும் கையும் பார்க்கும் கண்ணும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில் தர்மம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாலம், அணைக்கட்டு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மசாஜ் நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கடைசி பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பரவாயில்லை, நானும் அங்கே உட்கார்ந்து சிரித்தவன்தான்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். மதுரையில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் தொழில் செய்கிறேன். 2021 டிசம்பர் 20-ஆம் தேதி, தமிழ்நாட்டில் உள்ள மசாஜ், ஸ்பா நிலையங்கள் அனைத்திலும் கேமரா வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் உத்தரவிட்டார். முறைகேடுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். செய்தி வந்த சில நாளில் நகரில் ஒரு நிலையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வாசலில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று, உள் அறைகளில் இரண்டு.

உள் அறையில் ஏணி மேல் நின்று ஸ்க்ரூ முடுக்கிக் கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டார்: “அண்ணே, இதை யாருண்ணே பாப்பாக?”

“கோர்ட் ஆர்டர்மா” என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். முதலாளி செல்போனில் பார்க்கலாம். ரெக்கார்டரோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாவிட்டால் எங்கிருந்தோ ஒருவன் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்வேர்டு போட்ட நானே பார்க்கலாம். இதில் ஒன்றைக்கூட அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. வேலையை முடித்தேன், பணத்தை வாங்கினேன், வந்துவிட்டேன்.

2022 ஜனவரி 4-ஆம் தேதி, நம்ம ஊர் உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் திருச்சி நிலையம் ஒன்றின் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். ஸ்பா போன்ற இடத்துக்குள் கேமரா வைப்பது ஒருவருக்குத் தன் உடல்மேல் உள்ள உரிமையை மீறுவது. தப்பு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது என்பது அதன் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பே அதற்கு ஆதாரம்.

செய்தியைப் படித்ததும் ஓடிப்போய் உள் அறைக் கேமராக்களைக் கழற்றினேன். ஆனால் என்னை எழுப்பியது மனசாட்சி அல்ல, தீர்ப்பு. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

கழற்றப் போன அன்றுதான் அந்தப் பெண்ணின் வேலையைக் கவனித்தேன். வந்தவர் உடம்பில் கை வைக்குமுன், “ஆபரேஷன் ஆகியிருக்கா? கால்ல வீக்கம் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீகளா?” என்று கேட்டு நோட்டில் எழுதினார். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்த ஒருவரை, “முதல்ல டாக்டரைப் பாருங்க” என்று திருப்பி அனுப்பினார். முதலாளிக்கு அன்று வருமானம் போச்சு.

அவர் செய்தது எவ்வளவு சரி என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். காலில் ரத்தம் உறைந்திருக்கும்போது அழுத்தி நீவினால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடக்கூடும். 2016-இல் தில்லியில் கணுக்காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்த 23 வயது இளைஞர் ஒருவர், வீட்டில் பாசத்தோடு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டதில் இப்படித்தான் இறந்தார்.

சட்டமும் இந்தத் தொழிலை விட்டுவைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் உயிர் போனால் 106-ஆம் பிரிவு. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் பலாத்காரமாகக் கை வைத்தால் 74. தனிமையில் இருக்கும் பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாலோ படம் எடுத்தாலோ 77. பக்கவாதத்தையும் சர்க்கரை நோயையும் குணமாக்குவோம் என்று போர்டு வைப்பதை 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டமே தடுக்கிறது. காசு வாங்கிச் செய்த சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வேலை செய்யும் பெண்ணுக்கும் காவல் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடமானால், பாலியல் தொல்லை பற்றி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் அவர் புகார் கொடுக்கலாம்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கும் கிழவி திண்ணையில் வைத்துத்தான் வழிப்பார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவருக்கு நம்மைத் தெரியும், நமக்கு அவரைத் தெரியும். நகரத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் கேள்வி கேட்பதும், சம்மதம் வாங்குவதும், “போதும்” என்றால் கையை எடுப்பதும், தெரியாததைத் தெரியாது என்பதும் அங்கே கட்டாயமாகிறது. அறைக்குள் இருக்கும் கேமரா இதில் எதையும் செய்யாது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒன்றைப் பொருத்துவீர்கள், எழுதுவீர்கள், கட்டுவீர்கள். ஆர்டர் கையில் இருந்தாலும், அதன் கீழே வாழப்போகிறவர் ஒரு கேள்வி கேட்டால், ஏணியை விட்டு இறங்கிப் பதில் சொல்லுங்கள். நான் அன்று இறங்கவில்லை.