இல்லாத காலும் இருக்கும் கையும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இயன்மருத்துவராக நான் சந்தித்த இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் படுவான்கரை விவசாயி. யுத்தகாலத்தில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். "இல்லாத கால்ட விரல் மடங்கிக் கிடந்து கடுக்குது புள்ள. சொன்னா விசரன் எண்டுவாங்க" என்று பல வருடங்கள் மறைத்திருந்தார். அது விசரல்ல. மூளையில் நம் உடலின் வரைபடம் ஒன்று உண்டு. காலை அகற்றினாலும் அந்த வரைபடத்தில் கால் அழிவதில்லை.

தமிழ்நாட்டில் 1951 இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். முகம் பார்க்கும் கண்ணாடிதான் அது. கையிழந்தோருக்கு அவர் செய்ததைக் காலுக்கும் செய்கிறோம். கண்ணாடியை நடுவே நிறுத்தி, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்தபடி விரல்களை விரித்தால், இழந்த காலின் விரல்களே விரிவதாக மூளை உணர்கிறது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. அந்த ஐயாவுக்கு வலி குறைந்தது.

இரண்டாமவர் ஓர் அம்மா. பாரிசவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்தது. சோற்றுக் கோப்பையில் வலப்பக்கத்தை மட்டும் உண்பார். இடக்கையைக் காட்டினால், "இது என்ட கை இல்ல புள்ள, எனக்கு ஒண்டுமில்ல" என்பார். வீட்டார் பேய் என்று பயந்து பார்வை பார்க்கக் கூட்டிச் சென்றதில் இரண்டு நாள் போயிருந்தது.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இப்படி நேரலாம். எழுவான்கரையில் வாழ்பவருக்குப் படுவான்கரை என்று ஒன்று இருப்பதே தெரியாமற் போவது போன்றது இது. தன் செயலிழப்பைத் தானே அறியாத இந்நிலைக்குப் பிரெஞ்சு வைத்தியர் பாபின்ஸ்கி 1914 இல் பெயரிட்டார்.

சகோதரிகளே, ஐயா சொன்ன வலியை நாம் நம்ப வேண்டும். அம்மா சொன்ன "ஒண்டுமில்ல" என்பதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொருத்தமானவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 சுவசெரியவை அழையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, "அம்மா என்னவோ உளறுறா" என்று யாரேனும் சொன்னால், சிரித்துவிட்டு வைக்காதீர்கள். என்ன சொன்னார் என்று கேளுங்கள்.