வேலை வாங்குவோர் கடமை



உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பொறியாளராகவும் அலுவலராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்பீர்கள். பத்துப் பேரைக் கொண்டு ஒரு பணியைக் குறித்த நாளுக்குள் முடிக்கும் கடமை உங்களைச் சேரும். அப்பத்துப் பேரும் சோர்ந்து வீழாதவாறு வேலை வாங்குவது எவ்வாறு? இவ்வினாவுக்குத் தஞ்சைத் தரணியின் வரலாறு நல்லதொரு பாடம் புகட்டுகிறது.

காவிரிப் பாசனத்து உழவு, காலத்தோடு போட்டியிடும் தொழில். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், போதிய நீர் இருப்பின் ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறப்பது வழக்கமாயிற்று. நீர் வந்ததும் குறுவை நடவு. அது முற்றி அறுவடைக்கு நிற்கும்போதே தாளடி நடவும் நெருக்கும். வடகிழக்குப் பருவமழையோ எவருக்காகவும் காத்திராது. ஆகவே சுமையெல்லாம் ஒருங்கே ஆட்கள்மீது விழும்.

இந்நெருக்கடியை அக்காலப் பண்ணைகள் பல எவ்வாறு சமாளித்தன? பண்ணையாள் விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின்னரே கரையேறினான். பணியத் தவறியவனுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயின. 1940-களில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கண்டு போராடினர். பி. சீனிவாசராவ் போன்றோர் அவர்களுக்குத் துணை நின்றனர். 1952-இல் தஞ்சை மாவட்டத்திற்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பண்ணையாளை நினைத்தபோது நீக்குவதை அது தடுத்தது, கூலியையும் வரையறுத்தது.

அந்நாளைய கொடுமையையும் இந்நாளைய அலுவலகத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. எனினும் பண்ணைக் காரியக்காரர் நின்ற இடத்தைக் கவனியுங்கள். மேலே நிலக்கிழார், கீழே உழைப்போர். மேலிருந்து வந்த கட்டளையைக் கீழே சேர்ப்பித்தார். கீழிருந்த களைப்பை மேலே சொன்னாரில்லை. இன்றைய மேலாளர் நிற்பதும் அவ்விடத்திலேதான்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை வரையறுத்தது. அது நோயன்று, சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு என்றது. அதன் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றுதல், வேலையில் பற்று விடுதல், செயல்திறன் குன்றுதல். எனவே, சோர்ந்தவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், வேலை பங்கிடப்பட்ட முறையை ஆராய்தல் வேண்டும்.

ஆற்றில் நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். இன்றேல் தலைமடை நிரம்பக் கடைமடை காயும். குழுவிலும் சுமையை முறை வைத்தே பங்கிடல் வேண்டும். மறுக்காமல் செய்பவன் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால், முதலில் முறிபவன் அவனே.

தவணை நெருங்கும்போது ஓய்வு ஏது என்பீர்கள். களைத்த கை ஆழமின்றி நட்ட நாற்று நீரில் மிதக்கும், மறுபடியும் நடவேண்டும். அலுவலகத்தில் நள்ளிரவுவரை விழித்துச் செய்த கணக்கும் அத்தகையதே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வும், வாரத்திற்கு 48 மணி என்ற எல்லையும் வகுத்தது. இரக்கத்தோடு இயந்திரக்கூடத்தின் அனுபவ அறிவும் அதில் உண்டு.

இவற்றினும் அரியதொன்று உளது. நீர் மேலிருந்து கீழே தானே ஓடும்; கீழிருந்து மேலே செல்லவோ ஏற்றம் வேண்டும். கட்டளையும் அவ்வாறே தானாக இறங்கிவிடும். களைப்பைப் பற்றிய செய்தியை மட்டும் ஒருவர் முயன்று இறைத்து மேலேற்றவேண்டும். "இத்தனை ஆட்களால் இந்நாளுக்குள் முடியாது, ஆளைக் கூட்டுங்கள், அன்றி நாளை நீட்டுங்கள்" என்று தம் மேலதிகாரியிடம் அடக்கத்தோடும் கணக்கோடும் சொல்லும் துணிவே அந்த ஏற்றம். அதனால் தமக்கு அவப்பெயர் வரினும் வரலாம். அதற்கு அஞ்சி வாய் மூடியிருப்பவர் வெறும் காரியக்காரரே.

நாளை உங்களிடம் ஒரு குழு ஒப்படைக்கப்படும். அன்று வேலையின் அளவை மட்டுமன்றி, வேலை செய்வோரின் முகங்களையும் பாருங்கள்.