நின்றால் கொதிக்கிற கார்
(கரைத்தீவு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்துக் கார் விஷயத்தை எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லச் சொன்னீர்கள். அந்தக் கார் நம்முடையதில்லை. ஆனால் ராத்திரியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் ஒரு தாய்க்கு வலி எடுத்தாலும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போக நமக்கு இருப்பது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டார்ட்டில் நின்ற கார் கொதித்தது. ஹெட் கேஸ்கட் போனது. கராஜ் பில்லை நம் ஓட்டுநர் அண்ணன் தலையில் கட்டினார்கள். 'கவனயீனம்' என்று ஒரு கடிதம், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டு. இரண்டு வெட்டு விழுந்த பிறகு, அதே கார், வேறோர் ஓட்டுநர் கையில், அதே வாசலில் மறுபடியும் கொதித்தது. அப்போதுதான் நாங்கள் நிர்வாகத்திடம் கேட்டோம்: ஆளை விசாரித்தீர்கள், வண்டியை விசாரித்தீர்களா?

நாங்கள் பாஸ்மார் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர்கள். ஆனால் ஓட்டுநர் அண்ணன் சொன்ன ஒரு பேச்சு எங்களைப் பிடித்துக்கொண்டது. "ஓடும்போது சூடு முள் நடுவிலேயே நிக்குது சேர். நிறுத்தினாத்தான் ஏறுது."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. இஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறுகிறது. வண்டி ஓடினால் காற்றுத் தானாக வரும். நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது கொதித்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள். வேகமாக ஓடும்போதும் கொதித்தால் தண்ணீர் குறைவா, ரேடியேட்டர் அடைப்பா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, வாட்டர் பம்ப் போயிற்றா என்று பார்க்க வேண்டும்.

புத்தளத்திலிருந்து ஒரு பாஸை அழைத்து வந்தோம். காரை ஸ்டார்ட்டில் விட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் பாதியைத் தாண்டியது. ஃபேன் சுற்றவில்லை. ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும், அப்போதும் சுற்றவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு பியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிறகு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தார். ஃபேன் கிறுகிறுவென்று சுற்றியது! அப்படியானால் மோட்டாரில் பிழையில்லை, கரண்ட் வருகிற வழியில்தான் பிழை. வயரைத் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்குக் கீழே பாடியில் பூட்டியிருந்த எர்த் வயரின் முனை பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. கடல் காற்று செய்த வேலை. நம் வீட்டுத் தகரத்தைத் தின்கிற அதே உப்புக் காற்றுத்தான். முனையை வெட்டி, புதிய முனை போட்டு, பாடியைச் சுரண்டிப் பூட்டி, கிரீஸ் தடவினார். அரை மணித்தியாலம் ஆகவில்லை. கேஸ்கட் மாற்றிய கராஜ் இதைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் கண்டோம். ரேடியேட்டருக்குள் வெள்ளைப் படிவு. நம் கேத்தலின் அடியில் பிடிக்கிறதே, அதேதான். சீமெந்துக்குக் கல் வெட்டுகிற சுண்ணாம்பு மண் இது. கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்திருக்கிறது. கூலன்ட் வாங்கித் தராததால் அண்ணன் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். வெளியே தும்புத் தூசி அப்பிக் காற்றையும் அடைத்திருந்தது. பாஸ் ரேடியேட்டரை இறக்கிக் கழுவினார்.

ஓட்டுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறோம். முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஓரம் கட்டுங்கள், இஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே அமுக்கத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகைக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே முகத்தில் அடிக்கும். மின்சார ஃபேன் இஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றலாம், விரலை வைக்காதீர்கள். கூலன்ட் விஷம். ருசி இனிப்பு, அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, வெட்டிய சம்பளம்? நிர்வாகத்தோடு பேச உட்கார்ந்தபோது எங்களிடம் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று, உதிர்ந்த அந்த வயர்முனை, ஒரு தீப்பெட்டிக்குள். மற்றது ரன்னிங் சார்ட். கேஸ்கட் போவதற்கு முன்பே மூன்று இடத்தில் அண்ணன் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: 'நிற்கும்போது சூடாகுது, பார்க்கவும்.' பார்த்ததாக மேலே யாரும் ஒரு கையொப்பம் வைக்கவில்லை. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் எடுத்து வைத்தோம். அண்ணன் எங்கேயும் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஒரு மாத வெட்டுக் காசு வந்துவிட்டது, மற்றது அடுத்த சம்பளத்தோடு என்றிருக்கிறார்கள். கூலன்ட் வாங்குவது பற்றி இன்னும் பதில் இல்லை. அதைக் கேட்டு எழுதிய கடிதம் இதோ மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். லொறி, டிராக்டர் ஓட்டுகிறவர்கள் ஞாயிறு காலை பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். சார்ட் எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தருகிறோம். பேனையை மட்டும் கொண்டு வந்தால் போதும்.