பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்கு அரையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1977-78ல் இங்கே பி.யு.சி. படித்த கடைசி செட் நாங்கள். அதன்பின் நான் மருந்தாளுநர் படிப்புக்குப் போனேன். பணிக்காலம் முழுவதும் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுய்யா, போதும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது மருந்தின் அளவு. அதிலும் குழந்தைக்கு எவ்வளவு என்ற கணக்கு.

நம் அப்பத்தாமார்கள் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் என்று கல்லில் உரைத்துச் சங்கில் புகட்டினார்கள். "மூணு மாசப் புள்ளதானே, ரெண்டு உரசு போதும்" என்பார்கள். அந்த மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விஷயம். பச்சைக் குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைக்குத் தனி அளவு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் படிப்பிலும் ஒரு கணக்கு உண்டு. யங் சூத்திரம் என்று பெயர். குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர் அளவால் பெருக்க வேண்டும். 2 வயதுக் குழந்தைக்கு ஏழில் ஒரு பங்கு வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய நல்ல சூத்திரம். ஆனால் குழந்தையின் உடம்பு அந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லையே!

2018ல் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தா, காசநோய் கண்ட 2 வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடை 10 கிலோ. தண்ணீரில் கரையும் மாத்திரை இரண்டு எடுத்து வைத்தேன். "ஏப்பா, இத்தனூண்டு புள்ளைக்கு ரெண்டு மாத்திரையா? பெரியவுகளுக்கு ஒண்ணுன்னா இவனுக்கு அரை போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உலகமே வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு மாத்திரையில் ரிபாம்பிசின் 150 மில்லிகிராம், ஐசோனியசிட் 100 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவருக்கு வழக்கமாகக் கொடுத்த 450 மில்லிகிராம் ரிபாம்பிசினை வைத்து யங் சூத்திரம் போட்டால் இந்தக் குழந்தைக்கு 64 தான் வரும். பாதிகூட இல்லை. அவ்வளவுதான் கொடுத்திருந்தால் கிருமி சாகாது. குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் நமக்கு இருக்கும்.

காரணம் இதுதான். பிறந்த சிசுவுக்கு ஈரல் இன்னும் வேலை பழகவில்லை, மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் குளோரம்பெனிகால் கொடுக்கப்பட்ட சிசுக்கள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தது இதனால்தான். ஆனால் ஒன்று, இரண்டு வயதில் கதை தலைகீழ். உடம்பின் எடையோடு பார்த்தால் ஈரல் பெரியது. பல மருந்துகளைப் பெரியவரைவிட வேகமாகக் கழித்துவிடும். ஆகவே கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் ரத்தத்தில் போதுமான அளவு நிற்கும்.

இதை ஊகித்துச் சொன்னால் போதாது, ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும். அளந்தவர்களில் நம் சென்னைக்காரர்களும் உண்டு. 1956ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இருக்கிறது. சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959ல் உலகுக்குக் காட்டிய இடம் அது. அங்கே டாக்டர் கீதா ராமச்சந்திரன், டாக்டர் சௌமியா சுவாமிநாதன் போன்றோர் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவை மணிக்கணக்கு வைத்துப் பார்த்தார்கள். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அளவு குறைவாகவே இருந்தது. ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கும் அப்படியே.

பல நாடுகளிலிருந்தும் இப்படிப்பட்ட முடிவுகள் சேர்ந்ததன் பேரில் 2010ல் உலக சுகாதார நிறுவனம் அளவை உயர்த்தியது. ஐசோனியசிட் கிலோவுக்கு 5லிருந்து 10 மில்லிகிராம், ரிபாம்பிசின் 10லிருந்து 15. அப்பத்தாவுக்கு நான் சொன்ன பதில் சுருக்கம்: "ஆத்தா, ஓடியாடுற புள்ள சோத்தைச் சீக்கிரம் செரிக்குதுல்ல, மருந்தையும் அப்படித்தான் செரிச்சிடும்." அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

"குழந்தையை வச்சா ஆராய்ச்சி பண்றது?" என்று சிலர் கோபப்படுவதுண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி செய்யாமல் விட்டால் என்ன நடக்கிறது? ஒவ்வொரு குழந்தைக்கும் குத்துமதிப்பாகக் கொடுக்கிறோம். அதுவும் சோதனைதான், யாரும் குறித்து வைக்காத சோதனை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி ஷிர்கி 1960களிலேயே குழந்தைகளை மருந்து உலகின் அநாதைகள் என்றார். முறையான ஆராய்ச்சியில் நெறிமுறைக் குழு உண்டு, பெற்றோர் சம்மதம் வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளையிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று எப்போதும் விலகலாம். சென்னை, புனே, மூன்று ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றில் 1204 குழந்தைகள் பங்கேற்ற ஷைன் ஆய்வு, 2022ல் ஒரு நல்ல செய்தி சொன்னது: கடுமையில்லாத காசநோய்க்கு 6 மாதம் வேண்டாம், 4 மாத மருந்தே போதும். 2 மாத மாத்திரை மிச்சம் என்பது தாய்க்குத்தான் தெரியும்.

காசநோய் இல்லாத வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 என்று எழுதிய சிரப்பில் 1 மில்லிக்கு 25 தான். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்துக் கரண்டியால் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். புட்டியோடு வரும் அளவுக் குழாயைத் தவிர வேறு எதிலும் அளக்காதீர்கள். அண்ணன் குழந்தைக்கு எழுதிய மருந்தைத் தம்பி குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

நம் கல்லூரியில் படித்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. வாரச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் தராசு முள்ளைப் பார்க்கிறோம். குழந்தைக்கு மருந்து எழுதும்போது, "எடை போட்டுட்டு எழுதுங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சீட்டில் எடை இருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்தில் உள்ள உறவுக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.