கணக்கப்பிள்ளை என்னும் பங்காளி

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை வாயிலின் முன்னே சிறிது நேரம் நின்றால், பூந்துறை, விழிஞ்சம் முதலிய கடற்கரை ஊர்களுக்குப் பேருந்துகள் புறப்படுவதைக் காணலாம். ஒரு பக்கம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடையும் ஓசை. மறு பக்கம் சாலைக் கடைவீதியில் மலையாளமும் தமிழும் கலந்த பேரம். இடையே, விற்றுத் தீர்ந்த மீன்கூடையோடு ஊர் திரும்பும் தாய்மார். அவர்கள் திரும்பிச் செல்லும் அக்கரையில் கத்தோலிக்க ஜெபம் ஒலிக்கத் தொடங்கி 480 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதனை இத்தனை தலைமுறை காத்தவர் யார் என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்கும் பொருள்.

புனித பிரான்சிஸ் சவேரியார் என்று உடனே விடை வரும். தவறன்று; ஆனால் அது பாதி விடையே. இயேசு சபைத் துறவியாகிய சவேரியார் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் பூவாறு முதலான முக்குவர் ஊர்களில் நடந்தார். ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் அளித்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். பின்னர் அவர் போய்விட்டார். மலாக்காவும் ஜப்பானும் அவரை அழைத்தன. ஒரு மாதம் தங்கிய துறவியின் போதனை, அவர் போன பின் எவ்வாறு நிலைத்தது?

ஊர்தோறும் அவர் ஜெபங்களின் படி ஒன்றை விட்டுச் சென்றார். எழுத்தறிந்தோர் அதைப் பெயர்த்து எழுதிக்கொள்ளவும், ஏனையோர் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்லவும் ஏற்பாடு செய்தார். அதனை நடத்த அவ்வூரிலேயே ஒருவரை அமர்த்தினார். அவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். போர்ச்சுகீசியக் கடிதங்களிலும் அச்சொல் ஏறக்குறைய அப்படியே காணப்படுகிறது. மனைவி மக்களோடு வாழ்ந்த அவர், பச்சிளங் குழந்தை சாகுந்தறுவாயில் இருந்தால் ஞானஸ்நானம் கொடுப்பார். சிறுவர்களைக் கூட்டிப் பாடம் சொல்வார். ஊர்ச் சச்சரவுகளைக் குருவுக்குத் தெரிவிப்பார். முத்துக்குளித்துறை மக்கள் போர்ச்சுகல் அரசி காதரீனாவின் பாதுகைச் செலவுக்கெனச் செலுத்தி வந்த 4,000 பணம் இவ்வுபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பி விடப்பட்டது. அரசியின் பாதுகைப் பணத்தில் அரிச்சுவடிப் பாடம் நடந்தது என்பது கதைபோலத் தோன்றினும் வரலாறே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஓர் உறுத்தலும் உண்டு. அந்த ஜெபங்களைத் தூத்துக்குடியில் தமிழாக்க உதவியவர்கள் இருமொழி அறிந்த பொதுமக்களே. அவசரத்தில் செய்த வேலை. 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544-இல் சவேரியார் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதி அதைத் திருத்தச் சொன்னார். ஒரு வினைச்சொல் பிழைத்ததால் ஒரு கரையே நம்பிக்கையை வேண்டுகோளாகச் சொல்லிக்கொண்டிருந்தது! குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. அந்தப் படி இல்லையேல் திருத்துவதற்கும் ஒன்று இராதன்றோ?

கணக்கப்பிள்ளை சம்பளம் பெற்றவர். ஆகவே அவரைத் துறவியின் கையாள் என்று எண்ணுவது எளிது. நாமோ அவரைப் பங்காளி என்போம். தமிழில் பங்காளி என்பவன் வெறுந் துணைவன் அல்லன். குடும்பச் சொத்தில் உரிமையுடையவன். உரிமை உண்டாகையால் வழக்காடவும் கூடியவன். துறந்தார்க்குத் துணை நிற்பதை இல்வாழ்வானின் கடமையாகக் கொண்டது தமிழ் அறநூல் மரபு. மேலைநாட்டிலும் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே இல்லறத்தாருக்கெனத் தனியொரு சபை கண்டார். அது மூன்றாம் சபை என்று பெயர் பெற்றது. ஆயினும் துணை நிற்பது வேறு, சொத்தைத் தாமே காப்பது வேறு.

காக்கும் காலமும் வந்தது. 1759-இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773-இல் போப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். 1814-இல் அது மீண்டும் நிறுவப்பெற்று, பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை நாட்டுக்கு வந்து சேர 1838 ஆயிற்று. குருமார் அருகிப்போன அந்த நெடிய இடைக்காலத்தில் பல ஊர்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் உபதேசியாரே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு எட்டவில்லை. சவேரியாரின் கடிதங்களோ உலக மொழிகளில் உலவுகின்றன. இது நமக்கு வருத்தமே.

திருச்சபையின் ஏடுகள் இதை வெளிப்படையாகச் சொல்ல நாளாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் பொதுநிலையினரின் பணி பற்றித் தனியொரு ஆணை வெளியிட்டது. 1995-இல் இயேசு சபையாரின் 34-ஆம் பொதுப்பேரவை, பொதுநிலையினரின் பணிக்குத் தம் சபை துணை நிற்கவேண்டும் என்றது. யார் யாருக்குத் துணை என்பது தலைகீழாக மாறியதைக் கவனிக்கவேண்டும்.

மாறிய அம்முறைக்கு முன்னோட்டமாக நம் நாட்டிலேயே ஒரு வாழ்க்கை அமைந்திருந்தது. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டிலனாய் துறவியல்லர், படைவீரர். நட்டாலத்து நீலகண்டபிள்ளை என்ற அரண்மனை அலுவலரிடம் தம் சமயத்தைப் பற்றிப் பேசியவர் அவரே. கேட்டவர் வடக்கன்குளத்துக்குச் சென்று, 1745 மே 14-ஆம் நாள் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே வழியில் வந்தார். இல்லறத்தான் விதைத்தான், துறவி நீர் வார்த்தார், பயிரும் இல்லறத்தானே. 1749-இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு, 2022 மே 15-இல் போப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கே நாகர்கோவில் வரை சென்றால் கோட்டாறு வரும். அங்குள்ள பேராலயம் புனித சவேரியார் பெயரால் விளங்குவது. தேவசகாயத்தின் கல்லறை அதனுள்ளே இருக்கிறது.